டில்லர் ஓட்டுநரும் காதடைப்பானும்

கேள்வி: காதடைப்பான் போட்டால் பவர் டில்லர் இன்ஜின் திணறுவது கேட்காமல் போகுமே?

பதில்: காது நன்றாக உள்ளவருக்குப் போகாது. இன்ஜின் திணறல், பேரிங் கரகரப்பு இவையெல்லாம் ஓட்டுநருக்குத் தேவையான ஒலி. அதை அமுக்குவது இரைச்சல். அடைப்பான் இரண்டையும் சேர்த்துக் குறைப்பதால், வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டதுபோல, வித்தியாசம் தெரியத்தான் செய்யும்.

85 டெசிபல் இரைச்சலில் நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்யலாம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதி; 94-ல் ஒரு மணி நேரம்தான். பஞ்சு போதாது. நுரை அடைப்பானை மெல்லியதாக உருட்டி, காதுமடலை மேலே இழுத்துச் செருகி, விரியும்வரை விரலால் பிடிக்க வேண்டும். இரைச்சலால் போன செவித்திறனை மருந்து மீட்காது. ஏற்கெனவே காது மந்தமானவர் மருத்துவரைக் கேட்டு வாங்கட்டும். அவருக்குத் தேவையான ஒலியும் அடைபடலாம்.