இரத்தக்கசிவு எச்சரிக்கை எந்த மொழியில்?

ஹாலிஎலவில் ஒரு தோட்ட லயத்தில் இருக்கும் என் மாமிக்குக் காலில் இரத்தம் உறைந்திருந்தது. வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, வயிற்றுத் தோலின் கீழ் ஏற்றும் எனொக்ஸாபரின் ஊசிகளைக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் முரசிலிருந்து இரத்தம். "பல்லுக் கோளாறுன்னு நெனைச்சேன் தம்பி" என்றார். முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக்கையும் விழுங்கியிருந்தார். கொடுத்த தாளில் எல்லாம் எழுதியிருந்தது, சிங்களத்தில். அவருக்கு வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்தான். நேரத்தோடு திரும்ப அழைத்துச் சென்றதால் தப்பினார்.

மருந்தில் பிழையில்லை. காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிரே போகலாம். ஆனால் உறைவதைத் தடுக்கும் அதே வேலைதான் கசிவையும் உண்டாக்குகிறது. அளவு உடல் எடையைப் பொறுத்தது. மருந்தைப் பெருமளவு வெளியேற்றுவது சிறுநீரகம் என்பதால், அது கடுமையாகப் பழுதடைந்தவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். கிராந்துருகோட்டைப் பக்கம் சிறுநீரக நோய் பரவியுள்ள பதுளை மாவட்டத்தில் இது சின்ன விடயமல்ல. வலி மாத்திரை சேர்ந்தால் ஆபத்து கூடும்.

2006 செப்டெம்பரில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஆறு குறைமாதச் சிசுக்களுக்கு ஹெப்பரின் ஆயிரம் மடங்கு கூடுதலாக ஏற்றப்பட்டது. மூன்று சிசுக்கள் இறந்தன. குழந்தைக்கான குப்பியும் பெரியவருக்கான குப்பியும் ஒரே மாதிரி நீல லேபிளில் இருந்தன. உற்பத்தி நிறுவனம் பிறகு லேபிளை மாற்றியது, ஆனால் பழைய குப்பிகளைத் திரும்பப் பெறவில்லை. 2007 நவம்பரில் லொஸ் ஏஞ்சலிஸில் நடிகர் டெனிஸ் குவைடின் இரட்டைக் குழந்தைகளுக்கு அதே தவறு நடந்தது. அவர்கள் பிழைத்தார்கள்.

அங்கே வாசிப்பவரைத் தடுமாறவைத்தது லேபிளின் நிறம். இங்கே மொழி. ஹாலிஎல பிரதேச செயலாளர் பிரிவு 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு லயத்து வாசலுக்கு வந்துசேரவில்லை.

கேட்பது பெரிதல்ல. ஊசியோடு ஒரு தமிழ்த் துண்டுப்பிரசுரம்: முரசில் அல்லது மூக்கில் நிற்காத இரத்தம், கறுத்த மலம், சிவந்த சிறுநீர், திடீர்க் கடும் தலைவலி, பெண்களுக்கு அளவுமீறிய உதிரப்போக்கு என்றால் உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள், வர முடியாவிட்டால் 1990ஐ அழையுங்கள். கேட்காமல் வலி மாத்திரை எடுக்காதீர்கள். ஊசியை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஒரு பக்கம் போதும். அதை அச்சடிக்க என்ன தடை என்பதற்குச் சுகாதாரத் திணைக்களம்தான் பதில் சொல்ல வேண்டும்.