பாவு ஏறாத நாட்கள்

பட்டு நெசவில் ஒரு பாவுக்கு, அதாவது தறியில் ஒருமுறை ஏற்றும் நெட்டிழைக்கு, பெரும்பாலும் மூன்று சேலை. மூன்றாவது சேலையை அறுத்து, மடித்து, முதலாளி வீட்டிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கொடுத்துவிட்டு வந்த மறுநாள் காலையில் திருவண்ணாமலை மாவட்டத்துப் பெரணமல்லூரில் ஒரு தறி வீட்டை எட்டிப் பாருங்கள். தறிக்குழி காலியாக இருக்கும். அடுத்த பாவு வந்தால் இழைக்கு இழை பிணைத்துக்கொள்வதற்காகப் பழைய பாவின் நுனி மட்டும் அச்சில் தொங்கும். விடிகிற நேரத்தில் குழியில் காலை இறக்கிவிடுகிற மனிதர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். டீக்கடைக்குப் போவார், வருவார், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போவார்.

பாவு எப்போது என்று கேட்டால் முதலாளியிடம் உறுதியான பதில் இருக்காது. “சரக்கு தேங்கிக் கெடக்குது. ஜரிகை வெல ஏறிப்போச்சு. ஆவணி முகூர்த்தம் வரட்டும், பாத்துக்கலாம்” என்பார். பத்து நாள் என்று சொன்னது ஒரு மாதமாகும். அந்த ஒரு மாதமும் அரிசிக்காரர் வருவார், குழுக்கடன் வசூலுக்கு ஆள் வரும், பள்ளிக்கூடத்தில் பணம் கேட்பார்கள். கூலி மட்டும் வராது.

நெசவு உடம்பை வாங்குகிற தொழில் என்பது ஊரறிந்தது. கால் மிதியில், கை நாடாவில், கண் இழையில். முதுகு நாள் முழுக்க வளைந்தே கிடக்கும். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறினால் அதுவும் போச்சு. ஆனால் தறியில் உட்காருகிற நாளின் வலி ராத்திரி தூங்கினால் பாதி போய்விடும். உட்கார முடியாத நாளின் வலிதான் தூங்கவே விடுவதில்லை.

மனச்சோர்வு என்ற சொல்லை எங்கள் பக்கத்துத் தறி வீடுகளில் யாரும் சொல்ல மாட்டார்கள். “ஒரே ரோசனையா இருக்குது” என்பார்கள். “மாரு படபடன்னு அடிச்சிக்குது”, “தூக்கம் புடிக்கல”, “எதுலயும் மனசு ஒட்டல” என்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதுகு வலி, தலை கனம், வயிற்று எரிச்சல் என்றுதான் சொல்வார்கள். அதற்குரிய மாத்திரையும் கிடைக்கும். டாக்டர் மேல் குறையில்லை. வாசல் வரை வரிசை நிற்கும்போது அவர் உள்ளே இருப்பதைத் தோண்டிக் கேட்கவா முடியும்? சொல்கிறவருக்கும் சொல்லத் தெரியவில்லை, கேட்கிறவருக்கும் நேரமில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். நாட்டில் வயது வந்தோரில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு என்றும், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகள் உள்ளவர்களில் 85 விழுக்காட்டினர் சிகிச்சைக்கே வந்து சேரவில்லை என்றும் அது சொன்னது. அந்த 85-க்குள்தான் நம் திண்ணை மனிதரும் இருக்கிறார்.

இன்னொரு கணக்கைச் சொல்லவே கை தயங்குகிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் கால் பங்குக்கும் மேல் தினக்கூலிகள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இதில் நெசவாளர் எத்தனை பேர்? விவசாயிக்கு அந்தப் பட்டியலில் தனி வரிசை உண்டு, நெசவாளருக்குக் கிடையாது. தினக்கூலியிலோ சுயதொழிலிலோ கரைந்துவிடுவார். எண்ணப்படாத சாவுக்கு எந்தத் துறை பதில் சொல்லும்?

2024 அக்டோபர் 10, உலக மனநல நாள். அந்த ஆண்டு உலகம் எடுத்துக்கொண்ட பேச்சே ‘வேலையிடத்தில் மனநலம்’தான். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்கள் வீணாவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பெரிய கம்பெனிகளில் ஆலோசகர் வைக்கிறார்கள், விடுப்பு கொடுக்கிறார்கள், போன் நம்பர் கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வேலையிடம் என்று இவர்கள் சொல்லும்போது மனக்கண்ணில் வருவது ஒரு கட்டடம், ஒரு கேட், உள்ளே ஒரு மேலாளர். படுக்கிற இடத்துக்கும் சமைக்கிற இடத்துக்கும் நடுவே குழி வெட்டித் தறி போட்டிருக்கிற வீடு யார் கண்ணிலும் வருவதில்லை.

சட்டத்தின் கண்ணிலும் வருவதில்லை. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரம் இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் என்று தலையெண்ணிய பிறகுதான் வாயைத் திறந்தது. புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம் இருந்து சேலையோடு கரையை இணைத்துக் கோர்வை போடும் வீடு அந்தக் கணக்கில் எப்போதும் தேறியதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் ஓர் உடன்படிக்கையே கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

பெண்சாதி என்று சொன்னேன். அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 35 லட்சத்துக்குச் சற்று அதிகமான நெசவாளர்களும் உதவித் தொழிலாளர்களும் இருந்தார்கள்; அவர்களில் 100-க்கு 72 பேர் பெண்கள். தார் சுற்றுவது அவர்கள், பாவுக்குக் கூட நிற்பது அவர்கள், அடுத்த நாடா தள்ளுவது அவர்கள். கூலி சேலைக்கு என்பதால் இவர்களுக்கென்று தனிக் கணக்கு இல்லை. பாவு இல்லாத மாதத்தில் ஆண் டீக்கடைக்காவது போகிறார், சில வீடுகளில் டாஸ்மாக்குக்கும். பெண்ணுக்குப் போக இடமில்லை. கடன்காரருக்குப் பதில் சொல்வதும் அவர், குடித்துவிட்டு வந்தவரிடம் அடி வாங்குவதும் பல வீடுகளில் அவர்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் பணம். இதை மனநலத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று யாராவது சொன்னால் அவர்கள் கூலி வராத வீட்டில் இருந்ததில்லை என்று பொருள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பத்துக்குத் தமிழக அரசு 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணம் கொடுக்கிறது. வேலை நிற்கும் காலத்துக்குப் படி என்பதை இந்த அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட தொழில்கள் உண்டு. வலை காய்கிற நாளுக்குக் கிடைப்பது தறி காய்கிற நாளுக்கும் கிடைக்க வேண்டும். பாவு கொடுத்த தேதி, சேலை வாங்கிய தேதி இரண்டும் சங்கத்துப் பதிவேட்டில் இருக்கின்றன. இடைவெளியைக் கணக்கிட ஒரு குமாஸ்தா போதும். சங்கத்தில் சேராமல் தனி முதலாளியிடம் கூலிக்கு நெய்கிறவர்களுக்கு அந்தப் பதிவேடு கிடையாது. அவர்களை நல வாரிய அட்டை மூலம் பிடிக்கலாம்.

அந்த வாரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாடு கைத்தறி மற்றும் கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியம் இருக்கிறது. படிப்புக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, ஈமச் சடங்குக்கு எல்லாம் உதவி உண்டு. கண்ணாடி வாங்கவும் பணம் உண்டு. இழை பார்த்துப் பார்த்துக் கண் தேய்கிறது என்று யாரோ ஓர் அதிகாரி ஒருநாள் புரிந்துகொண்டு அந்த வரியை எழுதியிருக்கிறார். அவர் நன்றாக இருக்க வேண்டும். தேய்வது கண் மட்டும் இல்லை. மனநல மருத்துவரைப் பார்க்கப் போகும் பஸ் செலவு, அன்றைக்குப் போன கூலி, மாத்திரைச் செலவு என்று இன்னொரு வரி அதன் கீழே சேர வேண்டும்.

மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பது அடுத்த கேள்வி. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இலிருந்து இந்தியாவில் இருக்கிறது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் சேவையில் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை என்றே எழுதிவிட்டது. காகிதத்தில் குறையில்லை. ஆனால் மனசு ஒட்டாத மனிதரை ஆரணிக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் ஏறிப் போ என்றால் அவர் போவாரா? ஏறுவதற்கு எழுந்திருக்கவே முடியாததுதான் அவர் நோய். மாவட்டக் குழு மாதத்தில் ஒரு நாள், தேதி மாறாமல், பெரணமல்லூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார வேண்டும். சனிக்கிழமை என்றால் சனிக்கிழமை. சந்தை நாள் போல ஊருக்குப் பழக வேண்டும்.

அதற்கும் முன்னால் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இப்போது சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. வருகிற பெண் பெரும்பாலும் தெரிந்தவர், அக்கம்பக்கத்து ஊர்க்காரர். அவர் பிரஷர் பார்க்கும்போதே இரண்டு கேள்வி கேட்கட்டும்: இந்த ரெண்டு வாரமா எதுலயாவது இஷ்டம் இல்லாம இருந்துதா? மனசு கனமா, நம்பிக்கை இல்லாம இருந்துதா? உலகமெங்கும் மருத்துவர்கள் முதல் சல்லடையாகப் பயன்படுத்துவது இதே இரண்டு கேள்விதான். இதற்குக் கருவி வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம்.

மருத்துவம் படிக்காதவர்கள் மனநோயை என்ன கவனிப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு ஜிம்பாப்வேயில் பதில் இருக்கிறது. அந்த நாட்டில் மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006-இல் ஹராரே நகரில் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனை வளாகத்து மரநிழலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். வருகிறவர் சொல்வதைக் கேட்பது, இருக்கும் பிரச்னைகளில் ஒன்றை எடுத்து வழி தேடுவது, இவ்வளவுதான் வேலை. 2016-இல் வெளிவந்த ஆய்வில் பெஞ்சுக்கு வந்தவர்களின் துயரம் ஆறு மாதத்தில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தது. அந்த ஊர் ஷோனா மொழியில் இந்த நோய்க்குப் பெயர் ‘குஃபுங்கிசிசா’. அதிகமாக யோசிப்பது என்று பொருள். நம் ஊர் ‘ரோசனை’யேதான்! கோவாவில் சங்காத் என்ற அமைப்பும் மருத்துவர் அல்லாத ஆலோசகர்களை ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்துப் பலன் கண்டிருக்கிறது. பெரணமல்லூரில் பாட்டிகளுக்கும் பஞ்சமில்லை, வேப்பமரத்துக்கும் பஞ்சமில்லை.

கடன் வசூல் தனிக் கதை. வீட்டு வாசலில் நின்று அவமானப்படுத்தி வசூலிப்பதைத் தடுக்க 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. கடன் கொடுத்தவரின் கொடுமையால் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால் அதைத் தற்கொலைக்குத் தூண்டியதாகக் கருதவும் அதில் வழி செய்திருக்கிறார்கள். இது தறி வீட்டுப் பெண்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? காவல் நிலையத்தார் மகளிர் குழுக் கூட்டங்களுக்கு ஒருமுறை வந்து சொன்னால் போதும்.

இதே அரசு துணிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நிற்பதைப் பார்த்து 2021-இல் சட்டம் திருத்தி நாற்காலி வாங்கிக் கொடுத்தது. பார்த்தால் செய்வார்கள் என்பதற்கு அது சாட்சி. எங்கள் குறை, யாரும் பார்ப்பதில்லை என்பது. 2006 தேர்தல் வரை பெரணமல்லூர் பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது; மறுசீரமைப்பில் அந்தப் பெயரும் போனது. ஆகவே கொஞ்சம் உரக்கத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குத் தனித்தனியாகப் போகாமல் சங்கத்து உறுப்பினர்களும் கூலி நெசவாளர்களும் ஒரே மனுவாகக் கொண்டுபோவோம்: வேலையில்லாக் காலப் படி, வாரியத்தில் மனநல உதவி, மாதம் ஒரு நாள் மருத்துவர்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று உண்டு. டெலி மனஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி, 14416. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. சங்கத்துக் கூலிப் புத்தகத்தின் அட்டையில் இந்த ஐந்து இலக்கத்தை அச்சடிக்க எந்த அரசாணையும் வேண்டாம்.

படிக்கிற நீங்கள் நெசவாளர் தெருவில் இருப்பவரானால் ஒரு வேலை செய்யுங்கள். நாலு நாளாகத் தறிச் சத்தம் கேட்காத வீடு பக்கத்தில் இருந்தால், உள்ளே போய் “என்னண்ணே, பாவு வந்துச்சா?” என்று கேளுங்கள். வரவில்லை என்றால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.