கையெழுத்து வாங்கினால் போதுமா?

“கன்சென்ட் பாரத்தில் கையெழுத்து இருக்கா? அப்ப கேஸ் நம்மைத் தொடாது.” வார்டில் புதிதாகச் சேரும் ஸ்டாஃப் நர்சுக்குச் சட்டம் என்று சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் இவ்வளவுதான். ஓ.டி.க்கு அனுப்பும் அவசரத்தில், குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்து வாங்கி ஃபைலில் சொருகிவிட்டால் கடமை முடிந்தது என்று அனுபவசாலிகளும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை நோயாளிக்கும் கெடுதல், நம்பியிருக்கும் ஊழியருக்கும் ஆபத்து.

உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்த தில்லி வழக்கு ஒன்றை இவர்கள் படிக்க வேண்டும். நீடித்த மாதவிடாய்ப் போக்குக்காக 1995-ல் மருத்துவரிடம் போன 44 வயதுப் பெண், லேப்ராஸ்கோப்பி செய்யவும், தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து பார்க்கவும் கையெழுத்துப் போட்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அம்மாவிடம் இன்னொரு கையெழுத்து வாங்கப்பட்டது. கண்விழித்தபோது அவருடைய கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டிருந்தன. மருத்துவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் அந்த அறுவைக்கு அனுமதி இல்லை என்றே தீர்ப்பளித்தது. இழப்பீடு 25,000 ரூபாய்தான். மருத்துவர் கட்டணமும் கேட்க முடியாமல் போனது. தொகை சிறியது என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. என்ன செய்யப் போகிறோம், எதற்காக, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்து என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்று நோயாளிக்குத் தெரிந்திருந்தால்தான் சம்மதம் செல்லும் என்ற விதி இந்தத் தீர்ப்பில்தான் விரிவாக வகுக்கப்பட்டது. ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் மற்றொன்றுக்குச் செல்லாது. “என்ன நேர்ந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல” என்று பாரத்தின் அடியில் அச்சடித்த வரி, கவனக்குறைவுக்குக் கேடயமாகவும் ஆகாது.

“வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடட்டும்.” நம் ஊரில் இது இன்னும் வேரோடிய பழக்கம். அதே வழக்கில் அம்மாவின் கையெழுத்தையே நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதை இங்கே நினைக்க வேண்டும். தானே முடிவெடுக்கக்கூடிய வயது வந்தவர் மயக்கத்திலிருந்து எழும்வரை காத்திருக்க முடியும் என்றால், அவருக்குப் பதில் வேறு யாரும் ஒப்புக்கொள்ள முடியாது. கருக்கலைப்புச் சட்டம் இன்னும் தெளிவாகவே சொல்கிறது: 18 வயது நிறைந்த, மனத்தெளிவுள்ள பெண்ணின் சம்மதம் மட்டும் போதும், கணவருடையது தேவையில்லை. இருந்தும் கணவரை அழைத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பப்படும் பெண்கள் எத்தனை பேர்! சட்டம் நிர்ணயித்த வாரக் கணக்கில் அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம். குடும்பத்துக்குக் கையெழுத்துரிமை உண்டு என்று நினைப்பவர்கள், ரிப்போர்ட்டையும் குடும்பத்திடமே கொடுத்துவிடுகிறார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை முடிவை அப்படிக் கைமாற்றுவது 2017-ம் ஆண்டுச் சட்டத்தை மீறும் செயல்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு நடக்கிறது. “கையெழுத்துப் போட ஆள் இல்லை, போலீஸ் வரட்டும், ஏ.ஆர். (விபத்துப் பதிவு) போட்ட பிறகு பார்க்கலாம்” என்று அடிபட்டவரைக் காக்க வைப்பது. கார் மோதிய ஸ்கூட்டர்காரர் ஒருவரை முதலில் கொண்டுபோன மருத்துவமனை, மெடிக்கோ லீகல் கேஸ் பார்க்க எங்களுக்கு அதிகாரமில்லை என்று சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி அனுப்பியது. அவர் வழியிலேயே இறந்தார். அவர் இறந்த செய்தியை வைத்துத் தொடரப்பட்ட வழக்கில்தான், அரசோ தனியாரோ எந்த மருத்துவரும் முதலில் உயிரைக் காக்க வேண்டும், சட்ட நடைமுறை பிறகு என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. நோயாளியால் சம்மதம் சொல்ல முடியாமல், நேரத்துக்குள் கேட்கப் பாதுகாவலரும் இல்லாமல் போனால், அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் செயலுக்குப் பாரதிய நியாய சம்ஹிதாவின் 30-வது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. பழைய தண்டனைச் சட்டத்திலும் 92-வது பிரிவாக இது இருந்ததுதான்.

“எது வந்தாலும் டாக்டர் பாடு” என்ற ஆறுதலும் நிற்காது. 1998-ல் தீர்ப்பான வழக்கில், டைபாய்டுக்காகச் சேர்க்கப்பட்ட குழந்தைக்கு மருத்துவர் எழுதியது ஒரு ஊசி மருந்து, நர்ஸ் ஏற்றியது வேறு மருந்து. குழந்தையின் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. நர்சின் தவறுக்கு மருத்துவமனையே பொறுப்பேற்று இழப்பீடு தர நேர்ந்தது. ஆகவே எந்த மருந்து, எவ்வளவு, எந்த நேரம், யார் சொல்லி என்பதைக் கேஸ் ஷீட்டில் அப்போதே எழுதுங்கள், பிறகு திருத்தாதீர்கள்.

இந்தப் பொறுப்பிலிருந்து அரசு மருத்துவமனைக்கும் விலக்கில்லை. சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-ல் குறைப்பிரசவத்தில் பிறந்த பெண் குழந்தை பார்வை இழந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2015-ல் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் பாதிப்புக்கான பரிசோதனை அங்கே செய்யப்படவில்லை. அப்படி ஓர் ஆபத்து உண்டென்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. அரசு மருத்துவமனையாயிற்றே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

நோயாளியிடம் விளக்கிச் சொல்வது மருத்துவரின் கடமை. ஆனால் பேனாவை நீட்டுவது பெரும்பாலும் நர்ஸ். நீட்டும் முன், “உங்களுக்கு என்ன செய்யப் போறாங்கன்னு சொன்னாங்க, கொஞ்சம் சொல்லுங்கம்மா” என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் பாரத்தை மடித்து வைத்துவிட்டு மருத்துவரைத் திரும்ப அழையுங்கள்.