சுத்தமான ஆறு போதாது, உயிருள்ள ஆறு வேணும்

சிங்கப்பூரில் நீர்நாய்க் குடும்பம் வீதி கடக்கிற வீடியோக்களை எங்களில் பலர் பார்த்திருப்போம். வாகனங்கள் நிற்கும், சனம் போனைத் தூக்கும், நீர்நாய்கள் தங்கட பாட்டில போகும். "அவங்கட ஆறு சுத்தம், அதுதான்" எண்டு சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது பாதிக் கதைதான்.

1977இல் லீ குவான் யூ பத்து வருடக் கெடு வைத்தார். 1987க்குள் சிங்கப்பூர் ஆறும் காலாங் வடிநிலமும் சுத்தமாகின. பன்றிப் பண்ணைகள், தெருக்கடைகள், சரக்குப் படகுகள் எல்லாம் அகற்றப்பட்டன. கரையோரக் குடும்பங்கள் வேறிடங்களில் குடியேற்றப்பட்டன. அந்தச் சுத்தத்தின் விலையில் ஒரு பங்கை ஏழைச் சனமே கொடுத்தது.

ஆனால் பீஷான் பகுதியில் காலாங் ஆறு அதற்குப் பிறகும் நேர்க்கோட்டில் ஓடுகிற கொங்கிரீட் கால்வாயாகவே கிடந்தது. மழைத் தண்ணியைக் கெதியாக வெளியே தள்ளுவது மட்டுமே அதன் வேலை. 2012இல்தான் 2.7 கிலோமீற்றர் கால்வாய், 3.2 கிலோமீற்றர் வளைந்தோடும் ஆறாக மாறியது. கல்லும், கட்டுக்கட்டாகப் பதித்த தடிகளும், செடிகளின் வேரும் கரையைப் பிடித்து நிற்கின்றன. மழை பெருத்தால் தண்ணி பூங்காப் புல்வெளியில் ஏறி, பிறகு வடியும். எந்த விலங்கையும் யாரும் கொண்டுவந்து விடவில்லை. தும்பி, கொக்கு, நீர்நாய் எல்லாம் தாங்களாகவே வந்தன.

எங்கட ஊர்களில் ஆற்றங்கரையை அபிவிருத்தி செய்வதென்றால் என்ன? சுவர் கட்டி, நடைபாதை போட்டு, லைட் பூட்டுவது. தாழையும் நாணலும் வெறும் 'பத்தை'. சிரமதானத்தில் பொலித்தீனோடு சேர்த்து அதையும் வெட்டி, 'துப்புரவு' எண்டு படம் போடுகிறோம். மண்ணைப் பிடிப்பதும், மீன்குஞ்சுக்கு நிழல் கொடுப்பதும் அந்தப் பத்தைதான். கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றதும் சுவர்களுக்காக இல்ல, மீன்பிடிப் பூனை இன்னும் உலாவுகிற அதன் சதுப்புநிலங்களுக்காக.

பத்தை விட்டால் பாம்பு வரும், நுளம்பு வரும் எண்டு சொல்வார்கள். பயம் பொய்யில்லை, பாம்புக்குப் பாதையை மட்டும் வெட்டித் துப்புரவாக வைக்கலாம். டெங்கு நுளம்போ சிரட்டையிலும் பழைய ரயரிலும் தேங்கின தண்ணியில்தான் பெருகுது, மீனும் தும்பியும் உள்ள ஓடுற ஆற்றில் இல்ல. சிங்கப்பூரிலும் நீர்நாய்கள் வீட்டுத் தொட்டி மீனைத் தின்று சிலரைக் கோபப்படுத்துகின்றன. உயிருள்ள ஆறு எண்டால் அந்தத் தொல்லையும் சேர்த்துத்தான்.

அடுத்த சிரமதானத்தில் சாக்குக்குள் பொலித்தீன் மட்டும் போகட்டும். நாணல் நிற்கட்டும்.