விடியும் முன்னே திறக்கட்டும் பிள்ளைக் காப்பகம்

தோழர்களே! அளத்தில் உப்பு வாரும் அக்கா தங்கைகளே, ஏலக் கூடத்தில் கூடையோடு நிற்கும் தாய்மார்களே, கடலுக்கும் துறைமுகத்துக்கும் போய்வரும் அண்ணன்மாரே!

கூலி, போனஸ், மழைக்கால நிவாரணம் என்று ஆண்டுதோறும் கோரிக்கை எழுதுகிறோம். இந்த முறை முதல் வரியாக வேறொன்றை எழுதுவோம். உப்பளங்களுக்கும் மீன்துறைகளுக்கும் பக்கத்தில், விடிவதற்கு முன்னே திறக்கும் பிள்ளைக் காப்பகம் வேண்டும். பட்டியலின் அடியில் 'இதர கோரிக்கைகள்' என்ற தலைப்புக்குக் கீழே இதை ஒதுக்க இனி சம்மதிக்கக் கூடாது.

வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் பாத்தியில் இறங்குகிறோம். அங்கன்வாடி திறக்கும் நேரத்தில் நம் வேலையில் பெரும்பகுதி முடிந்திருக்கும். அதுவரை ஒன்றரை வயதுப் பிள்ளை எங்கே இருக்கிறது? வரப்போரம் துணி விரித்துக் கிடத்தியிருக்கிறோம், இல்லையென்றால் வீட்டுக்குள் விட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறோம். விசைப்படகு இரவில் கரை சேரும்போது மீன் தரம் பிரிக்க ஓடும் பெண்ணுக்கும் இதே கதிதான். கையில் வேலை, மனசு முழுக்கப் பிள்ளை.

முன்பெல்லாம் சமாளித்தோமே என்று சிலர் கேட்கிறார்கள். முன்பு வீட்டில் பாட்டி இருந்தார். இன்று பாட்டியும் கூலிக்குப் போகிறார், அல்லது வேறு ஊரில் இருக்கிறார். முன்பு பத்து வயது அக்கா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாள். எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் இந்தத் தூத்துக்குடிக் கரைக்கு வந்து 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதிய காலத்தில் அந்த வயதுப் பிள்ளைகளே அளத்தில் வேலை செய்தார்கள். இன்று அக்கா பள்ளிக்கூடம் போகிறாள். இது நாம் போராடிப் பெற்ற வெற்றி, இதில் ஒரு அங்குலம்கூடப் பின்வாங்க மாட்டோம். ஆனால் அவள் இறக்கிவைத்த குழந்தையைத் தூக்க யாரும் வரவில்லை. அந்தச் சுமை தாயின் தலையில் ஏறியிருக்கிறது.

இந்தக் கரையில் தொழிலும் குடும்பமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. முத்துக் குளிக்க இறங்கியவரின் கயிற்றைத் தோணியில் பிடித்து நின்றவர் மனைவியின் உடன்பிறந்தானாக இருப்பார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தங்கையின் தாலி அவர் கையில் இருந்தது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. 1974-இல் பெருந்துறைமுகம் வந்தது. சங்கு குளிக்கும் திரேஸ்புரத்தில் சொந்தபந்தம் இன்னும் ஓரளவு ஒன்றாக இருக்கிறது. மற்ற இடங்களில் மச்சான் கப்பலில், தம்பி வளைகுடாவில், அண்ணன் குடும்பம் திருப்பூரில். கயிறு பிடிக்க ஆள் இல்லாத நேரத்தில் அந்தக் கயிற்றை அரசு பிடிக்க வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. பள்ளியில் மதிய உணவு என்று காமராஜர் தொடங்கிய திட்டம் 1956-இல் முளைவிட்டது நம் எட்டயபுரத்தில்தான். 2022-இல் காலை உணவும் வந்தது. 2025 ஆகஸ்டில் அது நகர்ப்புறத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. சர்ச் நடத்தும் பள்ளிகள் நிறைந்த இந்தக் கரைக்கு அது பெரிய உதவி. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 18,000 ரூபாய். மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000. மீன்பிடித் தடைக்காலமான 61 நாளுக்கு மீனவக் குடும்பத்துக்கு 8,000. உப்பளத் தொழிலாளருக்கு மழைக்காலத்தில் 5,000. கல்லூரிக்குப் போகும் மகளுக்குப் புதுமைப் பெண் திட்டம். அதை உதவி பெறும் பள்ளி மாணவிகளுக்கும் விரித்த விழா 2024 டிசம்பர் 30 அன்று நம் தூத்துக்குடியில்தான் நடந்தது. இவை ஒவ்வொன்றும் நம் உரிமை, ஒன்றையும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

ஆனால் கணக்குப் பாருங்கள். பிரசவத்துக்குப் பணம் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைக்குச் சோறு இருக்கிறது. நடுவில் இருக்கும் மூன்று வருடம், பிள்ளை தவழ்ந்து, நடந்து, பேசப் பழகும் அந்தக் காலம், தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. மாநில அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு உண்டு. நியாயமான உரிமை, வரவேற்கிறோம். அதே மாநிலத்தில் தினக்கூலிக்கு உப்புச் சுமப்பவள் எத்தனை நாளில் அளத்துக்குத் திரும்புகிறாள் என்பது உங்களுக்கே தெரியும்.

2024 அக்டோபரில் தென்மாநில முதலமைச்சர்கள் மேடைகளில் அதிகப் பிள்ளைகள் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். மக்கள்தொகையை வைத்துச் செய்யும் தொகுதி மறுவரையறையில் தமிழகத்துக்கு அநீதி நடக்கக் கூடாது, அந்தப் போராட்டத்தில் நாமும் நிற்கிறோம். ஆனால் எண்ணிக்கைக்காகப் பிள்ளை பெறச் சொல்வதை நம்மால் ஏற்க முடியாது. இன்னொரு பக்கம், பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் பணம் வைக்க இன்றும் குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சான்று கேட்கிறார்கள். மகப்பேறு உதவி இரண்டு பிரசவத்தோடு நிற்கிறது. பெறுவதும் பெறாததும் அவளுடைய முடிவு. பிறந்த பிள்ளையைக் காப்பது எல்லோருடைய கடமை.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் காப்பகம் வேண்டும் என்று 1948-லேயே எழுதினார்கள். 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனம் என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் ஐம்பதுதான். நம் அளங்களோ துண்டு துண்டாகக் கிடக்கின்றன. ஒருவரிடம் பத்துப் பேர், அடுத்தவரிடம் பதினைந்து பேர். வேப்பலோடையிலோ ஆறுமுகநேரியிலோ காலையில் வரப்பில் ஏறி நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் பெண்கள். பதிவேட்டில் மட்டும் எவரிடமும் ஐம்பது பேர் இல்லை. ஆகவே முதலாளியைத் தனித்தனியாகக் கேட்டுப் பயனில்லை. அளக்காரர்கள் சேர்ந்து நிதி தரட்டும், இடமும் ஊழியரும் அரசு தரட்டும்.

முடியாத காரியமா இது? கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே கூலிப் பெண்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் என்று 1969-இல் டெல்லியில் மீரா மகாதேவன் தொடங்கிக் காட்டினார். கர்நாடகத்தில் கிராமப் பஞ்சாயத்துகளில் கூலிப் பெண்களுக்காகக் 'கூசின மனெ' காப்பகங்களை அரசே திறந்திருக்கிறது. ஒன்றிய அரசின் 'பால்னா' திட்டத்தில் நாடு முழுவதும் 17,000 அங்கன்வாடிக் காப்பகங்கள் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அதில் நம் பங்கைக் கேட்போம். நேரத்தை நம் வேலை நேரத்துக்கு மாற்றச் சொல்வோம்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தச் சுமையை அங்கன்வாடி அக்காக்களின் தலையில் இலவசமாக ஏற்ற நாம் துணைபோக மாட்டோம். மதிப்பூதியம் என்ற பெயரில் ஏற்கெனவே அவர்களைச் சுரண்டுகிறார்கள். விடியற்காலை வேலைக்குத் தனி ஊழியர், முழுச் சம்பளம். உள்ளூர்ப் பெண்களுக்கு அது வேலைவாய்ப்பும்கூட.

அண்ணன்மாரே, இதைப் பெண்கள் விஷயம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். 1908-இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்நிற்க, கோரல் மில் தொழிலாளர்கள் கூலியோடு ஞாயிறு விடுமுறையும் கேட்டு வென்றார்கள். வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளோடு இருக்கும் உரிமையை இந்த ஊர் அன்றே கேட்டுவிட்டது. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். அளத்தில் அதே நாட்களில்தான் வேலை உச்சம். அந்த இரண்டு மாதம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது உங்கள் முறை. இதைச் சங்கத்திலும் பேசுவோம், வீட்டிலும் பேசுவோம்.

மே 1 அன்று கிராம சபை. தருவைக்குளம், வேப்பலோடை, முள்ளக்காடு, புன்னக்காயல் என்று ஒவ்வொரு ஊரிலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே வாருங்கள். விடியற்காலைக் காப்பகம் வேண்டும் என்று தீர்மானம் எழுத வையுங்கள், எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்துப் போடுங்கள். மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் பகுதி சபையில் வையுங்கள். நகல்களைச் சங்கத்தில் சேருங்கள், எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஆட்சியரிடம் ஊர்வலமாகக் கொண்டுபோவோம். வேலை முடிந்த கையோடு, உப்புப் படிந்த சேலையோடேயே வாருங்கள் தோழர்களே!