சென்னைக்கு ஒரு மணி நேரமா?

"காமலாபுரத்தில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சென்னை." சேலம் விமான நிலையம் இருக்கும் இந்த ஊருக்கு 2009இல் கிங்ஃபிஷர் விமானச் சேவை வந்தபோது சேலத்தில் இந்தப் பேச்சு இருந்தது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தபோதும், 2023 அக்டோபரில் இண்டிகோ வந்தபோதும் அதேதான். பறக்கும் நேரத்தைச் சொன்னால் சரி. பயண நேரத்தைச் சொன்னால் தவறு.

சேலம் ஐந்து ரோட்டில் வீடு, பாரிமுனையில் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஓமலூர் தாண்டிக் காமலாபுரம் போக முக்கால் மணி நேரம். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் மூடிவிடும். ஆக, ஒன்றேகால் மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். பறக்க ஒரு மணி நேரம். மீனம்பாக்கத்தில் பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி, மெட்ரோவில் பாரிமுனை வர முக்கால் மணி. மொத்தம் நாலேகால் மணி நேரம். 2023 ஏப்ரலில் தொடங்கிய வந்தே பாரத் ரயில், சேலம் ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலத்திலிருந்து சென்ட்ரலுக்கு நான்கு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. இரண்டு முனையிலும் ஆட்டோ நேரத்தைக் கூட்டினாலும் ஏறத்தாழ அதே கணக்குதான். கிண்டியில் வேலை என்றால் விமானம் கொஞ்சம் முந்தும், மறுக்கவில்லை.

"வானத்தில் தூரம் குறைவு" என்பார்கள். குறைவுதான்: ரயிலில் 334 கி.மீ., வானில் சுமார் 265. இந்தத் தடத்தில் பறக்கும் சிறிய ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும் என்பதால், அது அரை மணி நேரத் தூரம். மீதி நேரம் ஓடுபாதையில் ஊர்வதற்கும், மேலே ஏறி இறங்குவதற்கும் போகிறது. இந்த நேரமும் நிலையத்தில் காத்திருக்கும் நேரமும் எவ்வளவு தூரம் போனாலும் மாறுவதில்லை. அதனால்தான் குறுகிய பயணத்தில் விமானத்தின் வேகம் வீணாகிறது. வியாபாரிகளோ ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு படுத்து, விடியும் முன் சென்ட்ரலில் இறங்குகிறார்கள். அவர்களுக்குப் பகலில் ஒரு நிமிடமும் போவதில்லை.

பெங்களூரு விமானத்தைக் காட்டுவோரும் உண்டு. வானில் 160 கி.மீ.தான். ஆனால் அது இறங்கும் தேவனஹள்ளி நகருக்கு வடக்கே இருக்கிறது. ஓசூர் வழியே காரில் போகிறவர் தெற்கிலிருந்து நகருக்குள் நுழைந்துவிடுவார். தேவனஹள்ளியிலிருந்து வேறு விமானம் பிடிப்பவருக்கு மட்டுமே லாபம்.

நாமக்கல்லுக்கும் காமலாபுரமே விமான நிலையம் என்பது இன்னும் பலவீனமான வாதம். அங்கிருந்து சுமார் 70 கி.மீ., அதுவும் சேலத்தைத் தாண்டி. சிங்கப்பூர் போக வேண்டிய கோழிப்பண்ணைக்காரர் திருச்சிக்குத்தான் போவார்.

காமலாபுரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹைதராபாத் வானில் சுமார் 600 கி.மீ.; ரயிலில் ஒரு முழு இரவு போதாது. அங்கே விமானம் உண்மையாகவே ஒரு நாளை மிச்சப்படுத்துகிறது. தில்லி, மும்பை என்றால் இன்னும் அதிகம். ஆனால் காமலாபுரத்தின் சுமார் 1,800 மீட்டர் ஓடுபாதை ஏடிஆருக்குத்தான் போதும். பெரிய விமானத்துக்காகக் காமலாபுரம், பொட்டியாபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஊர்களில் சுமார் 570 ஏக்கர் கேட்டார்கள், விவசாயிகள் எதிர்த்தார்கள். அந்த நிலத்தைக் கேட்பவர்கள் தில்லிக்கும் மும்பைக்கும் எத்தனை பேர் போவார்கள் என்ற கணக்கை அந்த விவசாயிகள் முன் வைக்கட்டும். சென்னைக்கு ஒரு மணி நேரம் என்று சொல்லி ஒரு சென்ட் நிலத்தைக்கூடக் கேட்கக் கூடாது.