தப்பும் மழைமானியும் ஒரே மேசையில்

மலையகத்து ஆரம்பப் பாடசாலைக் கண்காட்சி என்றால் பெரும்பாலும் இரண்டு வரிசை மேசைகள்தான். ஒரு பக்கம் உரல், ஆட்டுக்கல், காமன் கூத்துக் கிரீடம், அது ‘பாரம்பரியம்’. மறுபக்கம் ரெஜிபோமில் சூரியக் குடும்பம், அப்பச்சோடாவில் பொங்கும் எரிமலை, அது ‘விஞ்ஞானம்’. இலங்கையில் எரிமலை இல்லை, மண்சரிவு இருக்கிறது. வெலிமடைத் தோட்டத்துப் பிள்ளை மழைக்காலம் தோறும் பயப்படுவது அதற்குத்தான்.

இந்தப் பிரிவினையைப் பாடத்திட்டம் கேட்கவில்லை. 5ஆம் தரம் வரை விஞ்ஞானம் தனிப்பாடமே அல்ல. ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்ற ஒரே பாடத்துக்குள் வீடும் ஊரும் காற்றும் நீரும் சேர்ந்தே வருகின்றன. மேசையைப் பிரிப்பது பெரியவர்கள்தான். தாத்தாவுக்குத் தெரிந்தது பழசு, அறிவு வெளியிலிருந்து வருவது என்று பிள்ளை அங்கேயே படித்துக்கொள்கிறது.

தோல்வாத்தியமான தப்பை எடுத்துக்கொள்வோம். கூத்துக்கும் திருவிழாவுக்கும் சாவுக்கும் அதுதான். ஒருகாலத்தில் விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, எழுப்பியதும் அதுதான். வெலிமடைப் பனியில் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும், சத்தம் அமுங்கும். அடிக்கிறவர் சருகைக் கொளுத்திச் சூடு காட்டுவார். ஈரம் போய்த் தோல் இறுக, ஓசை கணீரென்று ஏறும். காய்ச்சுமுன் ஒரு அடி, காய்ச்சியபின் ஒரு அடி. பிள்ளைகள் இரண்டையும் கேட்டு, வேறுபாட்டை எழுதி, காரணம் சொன்னால் அது முழுமையான ஒரு பரிசோதனை. எல்லாப் பிள்ளைகளும் அதே தப்பை வாங்கி அடித்துப் பார்த்தால் இன்னொரு பாடமும் நடக்கும். தப்பை இன்னார்தான் தொடவேண்டும் என்ற சாதி வழக்கம் நம்மை விட்டு முழுதாகப் போய்விடவில்லை.

கொழுந்தும் அப்படித்தான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட கச்சான் காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. அந்த வறட்சியில் கொழுந்து மெதுவாக வளர்ந்து மணம் கூடுவதால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர். கொழுந்து பறிக்கிற அம்மாவின் பிள்ளைக்கு அந்தக் காரணத்தை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

மண்சரிவுக்கு வருவோம். வெலிமடை இருக்கும் இதே பதுளை மாவட்டத்தில், 2014 ஒக்டோபர் 29 காலையில், மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பரில் டிட்வா புயலும் மாவட்டத்தை விட்டுவைக்கவில்லை. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. நேரான பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்துச் செருகி, அடியில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும்வரை நீர் ஊற்றி, அங்கே பூச்சியம் குறித்து அடிமட்டத்தை ஒட்டினால் மழைமானி தயார். 5ஆம் தரப் பிள்ளையால் செய்ய முடியும். தினமும் காலையில் அளந்து கரும்பலகையில் எழுதவும் முடியும்.

வசதி இல்லை என்பது வழக்கமான பதில். அது பொய்யல்ல. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் கட்டியது. அரசு அந்தப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது 1970களில்தான். பிந்திய கணக்கை அரசு இன்னும் தீர்க்கவேண்டும். ஆனால் மேலே சொன்ன எதற்கும் ஆய்வுகூடம் வேண்டியதில்லை. வலயக் கல்வி அலுவலகம் செய்யவேண்டியது இரண்டு: தப்புக் கலைஞரையும் தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளியையும் வளவாளர்களாக அழைப்பது; கண்காட்சியில் புள்ளி வழங்கும் முறையை மாற்றுவது. அலங்காரத்துக்குப் போகிற புள்ளி, பிள்ளை கேட்ட கேள்விக்கும் எடுத்த அளவுக்கும் போகட்டும். நடுவர் ஒவ்வொரு மேசையிலும் “இதை எப்படிக் கண்டுபிடிச்ச?” என்று கேட்கட்டும். எந்த வேலையைப் பிள்ளை செய்தது, எதை அப்பா கடையில் வாங்கிவந்தார் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.